ஈன்றவளின் பெயர்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் வழியில் உள்ள ஐயம்பேட்டை, தறியோசையோடு பொழுது விடியும் ஊர். அங்கே பட்டு நெசவு பெரும்பாலும் கூலி நெசவாகவே நடந்துவருகிறது. முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ பாவு, ஊடை, ஜரிகை ஆகியவற்றை நிறுத்துக் கொடுக்க, நெசவாளர் தம் வீட்டுக் குழித்தறியில் நாள்கணக்கில் அமர்ந்து நெய்வார். முடிந்த சேலையை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கூலி பெற்று வருவார். அதன்பின் அச்சேலை எந்த மணமேடை ஏறியது, யார் உடுத்தினார் என்பதை அவர் அறியமாட்டார். அறிய வேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

2022ஆம் ஆண்டு நாம் அவ்வூருக்குச் சென்றிருந்தபோது, ஈரோட்டைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டைகள் மீண்டும் மீண்டும் விற்கப்பட்ட செய்தி நாளேடுகளில் வந்துகொண்டிருந்தது. தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டபடி அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த முதிய நெசவாளர் ஒருவர், பேச்சோடு பேச்சாக வாடகைத் தாய் முறையைப் பற்றியும் விசாரித்தார். “நூல் அவங்களுடையது, வயிறு இவளுடையது, அப்படித்தானே பாய்?” என்றார். ஆம் என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பட்டு முதலாளி கொடுத்தது, சேலையும் முதலாளிக்குத்தான். அதிலே தகராறு இல்லை. ஆனால் பாய், தறி மரம், வயிறு மரமில்லையே!” என்றார்.

அச்சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. மகப்பேற்று மருத்துவம் வளர்ந்த இந்த அரை நூற்றாண்டில், உலகெங்கும் சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் மார்க்க அறிஞர் அவைகளும் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்துள்ளன: குழந்தை யாருடையது? அதற்குப் பலவாறான விடைகளும் கிடைத்துள்ளன. ஆனால், சுமந்து ஈன்றவளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் யாது என்னும் கேள்வி அரிதாகவே எழுந்துள்ளது. அவ்விரண்டாம் கேள்வியை முன்வைத்து இவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க விழைகிறோம்.

விதையும் நிலமும்

கருவி புதிது, கேள்வி பழையது. பிறன் நிலத்தில் விதைக்கப்பட்ட விதையின் விளைச்சல் விதைத்தவனுக்கா, நிலத்துக்கு உரியவனுக்கா என்று பண்டைத் தரும சாத்திரங்கள் வாதிட்டுள்ளன. மனு நூலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இவ்வாதம் விரிவாகவே இடம்பெறுகிறது. பிள்ளையின்றி இறந்தவனின் மனைவியிடத்தில் வேறொருவர் வழியாகப் பிறக்கும் மகனுக்கு ‘க்ஷேத்ரஜன்’, அதாவது நிலத்தில் பிறந்தவன் என்று பெயர். மகாபாரதத்தில் திருதராட்டிரனும் பாண்டுவும் அவ்வாறு பிறந்தவர்களே. இவ்வாதத்தில் கட்சிக்காரர்கள் இரு ஆண்கள். பெண் அங்கே நிலம். நிலம் வழக்காடுவதில்லை.

தமிழ் மரபு இவ்வகையில் சற்றே மாறுபட்டது. பெற்றவளை நற்றாய் என்றும், வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் வேறுபடுத்திப் பெயரிட்ட நம் முன்னோர், இருவரையுமே தாய் என்றனர். அகப்பாடல்களில் இருவருக்கும் பேசும் உரிமை உண்டு. மகள் உடன்போக்கில் சென்றபோது நற்றாயும் புலம்புவாள். செவிலியும் தேடிச் செல்வாள். தாய்மை ஒருத்திக்கே உரியது என்று கொண்டு மற்றவளை வாயடைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை.

ஹாஜரா அம்மையார்

வாடகைத் தாய் முறையின் வரலாற்றை எழுதும் மேனாட்டார் பலர், அதன் முதல் எடுத்துக்காட்டாக ஹாஜரா அம்மையாரைக் குறிப்பிடுவதுண்டு. மகப்பேறு வாய்க்காதிருந்த சாரா அம்மையார், தம் பணிப்பெண்ணாகிய ஹாஜராவை நபி இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு அளித்தார் என்பதும், அவள் வழியாகத் தமக்கு ஒரு மகவு கிடைக்கும் என எண்ணினார் என்பதும் யூத, கிறித்தவ வேதத்தில் வரும் செய்திகள். அந்நூலின் போக்கில் ஹாஜரா ஒரு கிளைக்கதையாகிப் பாலைவனத்தில் மறைந்துவிடுகிறார்.

நம் மரபிலோ அங்கேதான் கதை தொடங்குகிறது. கைக்குழந்தையோடு வறண்ட பள்ளத்தாக்கில் விடப்பட்ட அந்த அன்னை, தண்ணீர் தேடி ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார். அந்த ஓட்டத்தை இறைவன் வணக்கமாக்கினான். அரசரும் ஆண்டியும், ஆணும் பெண்ணும், ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்பவர் எவராயினும் அப்பெண்ணின் அடிச்சுவட்டில் நடந்தே ஆகவேண்டும். பிறருக்காகப் பிள்ளை பெறும் கருவியாகக் கருதப்பட்ட ஒரு பெண், ஒரு சமுதாயத்தின் தாயாக உயர்ந்தார். அவரது பெயரை மறக்கவிடாத மார்க்கம் நம்முடையது என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும்.

திருமறையின் 58ஆம் அத்தியாயமும் ஈண்டு கருதத்தக்கது. கவ்லா (ரலி) என்னும் பெண்ணைப் பார்த்து அவர் கணவர், ‘நீ எனக்கு என் தாயைப் போன்றவள்’ என்று கூறி விலக்கிவிட்டார். அறியாமைக் காலத்தில் அது மனைவியை அந்தரத்தில் நிறுத்தும் ஒரு வழக்கம். அப்பெண் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து வழக்காடினார். அவரது முறையீட்டை இறைவன் செவியுற்றான் என்ற அறிவிப்போடுதான் அந்த அத்தியாயமே தொடங்குகிறது. ஈன்றவர்களே தாயர் என்னும் கருத்து அங்கே சொல்லப்படுகிறது. இன்று வாடகைத் தாய் பற்றிய மார்க்க விவாதங்கள் அனைத்திலும் எடுத்தாளப்படும் சான்று இதுவே. தாய் யார் என்ற வரையறை, ஒரு பெண்ணின் முறையீட்டுக்கு விடையாக வந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கூலியும் உறவும்

பிறர் குழந்தைக்காக ஒரு பெண் தன் உடலினின்று ஒன்றைக் கொடுப்பதும், அதற்குக் கூலி பெறுவதும் அரபு நாட்டில் பழங்காலம் முதலே இருந்தன. அதுவே பால் கொடுக்கும் செவிலியர் முறை. மக்காவின் உயர்குடியினர் தம் குழந்தைகளைப் பாலைவனக் குலத்துப் பெண்களிடம் ஒப்படைப்பர். பனூ சஅத் குலத்தைச் சேர்ந்த ஹலீமா (ரலி), பஞ்ச காலத்தில், கூலியை நாடித்தான் மக்காவுக்கு வந்தார். தந்தையற்ற குழந்தையை ஏற்றால் என்ன கிடைக்கப்போகிறது என்று பிற செவிலியர் ஒதுங்கியபோது, வெறுங்கையோடு திரும்ப மனமின்றி அக்குழந்தையை ஏற்றுக்கொண்டார் என்று சீறா நூல்கள் கூறுகின்றன.

இம்முறையை இஸ்லாம் தடுக்கவில்லை, ஒழுங்கு செய்தது. பாலூட்டுபவளுக்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுமாறு திருமறையின் 65ஆம் அத்தியாயம் பணிக்கிறது. அதே வேளையில் 4ஆம் அத்தியாயம், பாலூட்டியவளைத் தாயென்றும், அவள் பாலருந்திய பிற பெண்மக்களைச் சகோதரியர் என்றும் பெயரிட்டு, அவர்களோடு மணவுறவைத் தடை செய்கிறது. எத்தனை முறை பாலருந்தினால் இவ்வுறவு உண்டாகும் என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை வேண்டும்; ஹனஃபி மத்ஹபில் ஒருமுறை அருந்தினாலும் போதும். சொத்துரிமை இவ்வுறவால் வருவதில்லை. ஆனால் உறவு உறவே. கூலி கொடுத்துவிட்டோம் என்று கணக்குத் தீர்க்க இயலாது.

அதன் வலிமையை ஹுனைன் போருக்குப் பின் உலகம் கண்டது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு நிகழ்ந்த அப்போரில், ஹலீமாவின் குலமும் அடங்கிய ஹவாஸின் கூட்டத்தாரில் ஆறாயிரம் பேர் சிறைப்பட்டனர். அவர்களுள் ஷைமா என்பவர், தாம் நபிகளாரின் பால்குடிச் சகோதரி என்று அறிவித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) தம் மேலாடையை விரித்து அதில் அவரை அமரச்செய்து போற்றினார்கள். பாலுறவைச் சொல்லி முறையிட்ட அக்குலத்தாரின் வேண்டுகோளுக்கு இணங்கித் தம் பங்கிலுள்ள கைதிகளை விடுவித்தார்கள். தோழர்களும் அவ்வாறே செய்தனர். கூலிக்குப் பாலூட்டிய ஓர் ஏழைப் பெண்ணின் உறவு, ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஆயிரக்கணக்கானோரை மீட்டது! கூலியும் உண்டு, உறவும் உண்டு. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. இந்நெறியைக் கையில் வைத்துக்கொண்டு இனி நம் காலத்துக்கு வருவோம்.

1978

பிள்ளையின்மையின் துயரை நம் நாடு நன்கறியும். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தின் கீழும், தர்காக்களின் வாயில்களிலும் நேர்ந்துகொள்வோரின் கண்ணீர் ஒன்றே. நாகூர் ஆண்டவரின் வரலாற்றில், லாகூரில் மகப்பேறின்றி வருந்திய தம்பதியர் அவரது துஆவால் மக்களைப் பெற்று, மூத்தவராகிய யூசுப் அவர்களை அவரிடமே ஒப்படைத்தனர் என்றும், அந்த வழித்தோன்றல்களே தர்காவின் பணிகளுக்கு உரியவராயினர் என்றும் கூறப்படுகிறது. குறை யாரிடத்தில் என்று அறியாமலே பெண்ணை மட்டும் ‘மலடி’ என்று தூற்றி, மறுமணத்துக்கு அதையே காரணமாக்கிய கொடுமை எல்லாச் சமயத்தாரிடமும் இருந்தது. முற்றிலும் ஒழிந்ததாகச் சொல்ல இயலாது.

இந்நிலையில்தான் 1978ஆம் ஆண்டு சூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில், உடலுக்கு வெளியே கருவுற்ற முதல் குழந்தை பிறந்தது. ராபர்ட் எட்வர்ட்ஸ், பாட்ரிக் ஸ்டெப்டோ என்னும் இருவரின் பெயர்கள் உலகெங்கும் பரவின. அவர்களோடு இணைந்து உழைத்த ஜீன் பர்டி என்னும் பெண்ணின் பெயரை ஓல்டாமின் நினைவுப் பலகையில் பொறிக்கவில்லை. எட்வர்ட்ஸ் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார் என்பது பின்னாளில் வெளியானது. அவ்வம்மையார் 1985இல் இளம்வயதிலேயே மறைந்தார். எட்வர்ட்ஸ் 2010இல் நோபல் பரிசு பெற்றார்.

ஓல்டாம் குழந்தை பிறந்து 70 நாள்களுக்குப் பின், அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்தியாயவின் முயற்சியால் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. துர்கா என்று அக்குழந்தை அறியப்பட்டது. ஆனால் அரசு அமைத்த குழு அவர் கூற்றை ஏற்க மறுத்தது. பணியிட மாற்றமும் அவமதிப்புமாகத் துன்புற்ற அம்மேதை, 1981 சூன் 19 அன்று தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். 1986 ஆகஸ்டு 6 அன்று பம்பாய் கெம் மருத்துவமனையில் பிறந்த குழந்தையே நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை எனப் பாராட்டப்பட்டது. அச்சாதனைக்கு உரியவர்களுள் ஒருவராகிய டி.சி. ஆனந்த் குமார், சுபாஷின் குறிப்பேடுகளை ஆராய்ந்தபின், முதன்மை அவருக்கே உரியது என்று 1997இல் எழுதினார். தம் புகழைத் தாமே விட்டுக்கொடுத்து மறைந்தவருக்கு நீதி வழங்கிய அப்பண்பு போற்றுதற்குரியது.

அறிஞர் அவைகளின் தீர்ப்பு

இப்புதுமையைக் கண்டு மார்க்க அறிஞர்கள் மருண்டு ஒதுங்கினர் என்று எண்ணுவது தவறு. 1980 மார்ச் 23 அன்றே எகிப்தின் முப்தி ஜாதுல் ஹக் அலீ ஜாதுல் ஹக் விரிவான ஃபத்வா வழங்கினார். கணவனின் விந்தணுவும் மனைவியின் கருமுட்டையும் மட்டுமே சேர்ந்து, அம்மனைவியின் கருப்பையிலேயே வளருமானால், அது மருத்துவம், ஆகுமானது. மூன்றாமவர் ஒருவரின் உயிரணு கலக்குமானால், அது வம்ச வழியைக் குலைப்பது, ஆகாது. இதுவே அதன் சாரம்.

இரண்டு மனைவியருள் ஒருத்தியின் கருவை மற்றவள் சுமக்கலாமா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. மக்காவில் இயங்கும் ராபித்தாவின் பிக்ஹு அவை 1984இல் அதற்கு இசைவளித்து, 1985இல் அவ்விசைவைத் திரும்பப் பெற்றது. சுமக்கும் மனைவி அதே காலத்தில் தானாகவும் கருவுறக்கூடும்; அப்போது எக்குழந்தை எவளுடையது என்பது மயங்கிவிடும் என்ற அச்சம் காரணங்களுள் ஒன்று. ஓராண்டுக்குள் தம் முடிவைத் தாமே மாற்றிக்கொள்ளும் அடக்கம் அவ்வறிஞர்களுக்கு இருந்தது. 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் பிக்ஹு பேரவை, ஏழு முறைகளை ஆராய்ந்து ஐந்தைத் தடுத்து இரண்டை அனுமதித்தது. அனுமதித்த இரண்டும் கணவன் மனைவி என்ற எல்லைக்குள் அடங்குபவை. வாடகைத் தாய் முறை தடுக்கப்பட்டவற்றுள் ஒன்று. ஈரானின் ஷீஆ அறிஞர்களுள் சிலர் வேறுபட்டனர். 1999இல் அலீ காமெனெயி கொடையாளர் முறைக்கு நிபந்தனைகளோடு இசைந்தார். 2003இல் கருக்கொடைக்கு அந்நாட்டில் சட்டமே இயற்றப்பட்டது.

தடுத்த அறிஞர்களும் ஒரு கடமையினின்று நழுவவில்லை. தடுக்கப்பட்ட செயல் நிகழ்ந்துவிட்டால், பிறந்த குழந்தையின் தாய் யார் என்று ஆராய்ந்தனர். ஈன்றவளே தாய் என்பது ஒரு சாராரின் முடிவு. முட்டைக்கு உரியவளே தாய். சுமந்தவளோ பாலூட்டிய தாய்க்கு ஒப்பாவாள், இன்னும் சொன்னால் அவளினும் மேலாவாள் என்பது மற்றொரு சாராரின் முடிவு. இரண்டில் எதைக் கொண்டாலும் சுமந்தவள் அந்நியளாகிவிடவில்லை என்பதே நாம் சுட்ட விரும்புவது. இங்கிலாந்தின் 1990ஆம் ஆண்டுச் சட்டமும், முட்டை எவளுடையதாயினும் சுமந்தவளே சட்டப்படி தாய் என்று கூறிற்று. மாறாக, அமெரிக்காவின் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1993இல், பெற்று வளர்க்க எண்ணியவளே தாய் என்று தீர்ப்பளித்தது. எண்ணம் ஒருத்திக்குத் தாய்மையைத் தர, பத்து மாதச் சுமை மற்றொருத்திக்கு ஒன்றும் தரவில்லை.

வாணிகம்

இந்தியாவின் முதல் வாடகைத் தாய் மகப்பேறு எனக் கூறப்படுவது 1994இல் சென்னையில் நிகழ்ந்தது. 1997இல் சண்டிகரில் ஒரு பெண், வாதத்தால் படுத்துவிட்ட கணவரின் மருத்துவச் செலவுக்காகப் பிறர் கருவைச் சுமக்க முன்வந்தார். 2004இல் குசராத்தின் ஆனந்த் நகரில், வெளிநாட்டில் வாழ்ந்த மகளுக்காக அவளுடைய தாயே இரட்டைக் குழந்தைகளைச் சுமந்து பெற்றார். அன்பால் நிகழ்ந்த அது, அந்நகரை உலகறியச் செய்தது. பின் வந்த ஆண்டுகளில் பொருள் படைத்த நாட்டார் அங்கே வரத் தொடங்கினர். சுமக்கும் பெண்கள் ஒன்பது மாதமும் தனி விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர்.

2008 சூலை 25 அன்று, முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்ததற்குச் சரியாக முப்பது ஆண்டுகளுக்குப் பின், ஆனந்தில் மாஞ்சி என்னும் பெண் குழந்தை பிறந்தது. வேண்டியிருந்த ஜப்பானியத் தம்பதியர் அதற்குள் மணமுறிவு பெற்றுவிட்டனர். மனைவி குழந்தையை ஏற்கவில்லை. முட்டை தந்தவள் பெயர் அறியப்படாதவள். சுமந்தவளின் கடமை ஒப்பந்தப்படி முடிந்துவிட்டது. மூன்று தாயர் இருந்தும் தாயற்ற குழந்தை! தந்தை தனித்த ஆணாகையால் அவளைத் தத்தெடுத்துச் செல்வதற்கும் சட்டம் குறுக்கிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. செப்டம்பர் 29 அன்று அது முடித்துவைக்கப்பட்டபின், அவ்வாண்டிலேயே குழந்தை பாட்டியின் துணையோடு ஜப்பான் சேர்ந்தாள்.

அதே ஆண்டு சனவரியில் அதே நகரில் செர்மானியர் ஒருவருக்காகப் பிறந்த இரட்டையர் வழக்கில், குசராத் உயர் நீதிமன்றம் 2009 நவம்பரில் குறிப்பிடத்தக்க தீர்ப்பொன்றை வழங்கியது. முட்டை கொடுத்தவளினும், தன் குருதியால் வளர்த்து ஈன்றவளே தாயெனப்படும் தகுதி மிக்கவள் என்றும், இந்தியப் பெண்ணுக்கு இந்நாட்டில் பிறந்த அக்குழந்தைகள் இந்தியக் குடிமக்களே என்றும் அது கூறிற்று. தறி மரம், வயிறு மரமில்லை என்ற ஐயம்பேட்டை முதியவரின் சொல்லை அந்நீதிமன்றம் தன் மொழியில் முன்பே சொல்லிவிட்டது எனலாம்.

சட்டம்

2005இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு வகுத்த நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை இருக்கவில்லை. 2009இல் சட்ட ஆணையம் தன் 228ஆம் அறிக்கையில் வாணிகத்தைத் தடுத்து அன்பின்பாற்பட்டதை அனுமதிக்கப் பரிந்துரைத்தது. 2015இல் வெளிநாட்டார் வருவது நிறுத்தப்பட்டது. இறுதியாக 2021 டிசம்பரில் இரு சட்டங்கள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று 2022 சனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்தன. ஒன்று துணைக் கருத்தரிப்பு மருத்துவம் பற்றியது. மற்றது வாடகைத் தாய் முறை பற்றியது.

அவற்றின் விதிகள் கடுமையானவை. சுமப்பவள் 25 முதல் 35 வயதுக்கு உட்பட்டவளாகவும், மணமானவளாகவும், தனக்கென ஒரு குழந்தை பெற்றவளாகவும் இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் சுமக்கலாம். தன் முட்டையையே தருதல் கூடாது. மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் அன்றி வேறு ஊதியம் இல்லை. கரு வைக்கப்படுவதற்கு முன்புவரை அவள் மனம் மாறலாம். வாணிகம் செய்வோருக்குப் பத்தாண்டு வரை சிறையும் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. முட்டைக் கொடையாளி 23 முதல் 35 வயதுக்கு உட்பட்டவளாக இருத்தல் வேண்டும்; வாழ்நாளில் ஒருமுறை, ஏழு முட்டைகளுக்கு மிகாமல் எடுக்கலாம். இவை யாவும் பெண்ணைக் காக்கும் நோக்கத்தில் எழுந்தவை, வரவேற்கத் தக்கவை.

ஆனால் ஈன்றவளின் நிலை யாது? குழந்தை, வேண்டிய தம்பதியருக்கு உடல்வழிப் பிறந்ததாகவே கொள்ளப்படும். பெற்றோர் யார் என்பது குறித்துக் குற்றவியல் நடுவர் முன்கூட்டியே பிறப்பிக்கும் ஆணையே பிறப்புக்குச் சான்றாகும். குழந்தையைக் கைவிடாமல் காக்க இவ்விதி தேவை. மாஞ்சிக்கு நேர்ந்தது இன்னொரு குழந்தைக்கு நேரலாகாது. பெறும் தாய்க்கும் சட்டம் பரிவு காட்டியுள்ளது. சென்னைத் துறைமுகத்தில் பணிபுரிந்த ஒரு பெண், வாடகைத் தாய் வழியே குழந்தை பெற்றபோது, அவருக்கும் மகப்பேறு விடுப்பு உண்டு என்று நீதிபதி கே. சந்துரு 2013இலேயே தீர்ப்பளித்தார். அதுவும் நேரியதே. ஆயினும் இத்தனை ஏற்பாடுகளுக்கிடையே சுமந்தவளின் பெயர் குழந்தையின் வாழ்வில் எங்கும் இராமல் மறைந்துபோகிறது.

வாணிகம் நடந்த நாளில் கூலி கொடுத்து உறவை அறுத்தோம். இன்று கூலியையும் விலக்கினோம், உறவையோ சேர்க்கவில்லை. பால்குடிச் செவிலிக்கு நம் மார்க்கம் வழங்கிய இரண்டில் ஒன்றும் இவளுக்கு இல்லை. சட்டம் வாடகையை ஒழித்த பின்னரும் நம் மொழி இவளை ‘வாடகைத் தாய்’ என்றே அழைக்கிறது. இல்லாத வாடகையால் பெயர் பெற்றவள் இவள் ஒருத்தியே!

வறுமை ஒழியாதவரை தடை மட்டும் போதாது என்பதற்கு ஈரோட்டு நிகழ்ச்சியே சான்று. சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டிலேயே அது வெளிப்பட்டது. 23 வயதுக்குக் குறைந்தவளிடம் ஒருமுறைகூட எடுக்கக் கூடாது என்ற நாட்டில், ஒரு சிறுமியிடம் எட்டு முறை எடுக்கப்பட்டதாக விசாரணை கூறிற்று. வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார் அட்டை உருவாக்கப்பட்டது. பெற்ற தாயே கைதானார். அரசு மருத்துவமனைகள் மீது நடவடிக்கை எடுத்தது. பெற்றவள் விற்கிறாள், தரகர் வாங்குகிறார், யாரோ ஒரு தம்பதியர் நன்றியோடு இறைவனைத் தொழுகின்றனர். இம்மூவருக்கும் இடையே அச்சிறுமியின் முகம் எவர் கண்ணிலும் படவில்லை.

நம் கடமை

வாடகைத் தாய் முறை ஆகாது என்று பெரும்பான்மை உலமாக்கள் கூறியதை நாம் ஏற்கிறோம். எனினும் ‘ஆகாது’ என்று கூறிவிட்டு அமர்ந்துவிட்டால் நம் கடமை முடிந்துவிடாது. கணவன் மனைவிக்குள் அனுமதிக்கப்பட்ட மருத்துவத்தையே செலவு தாங்காமல் கைவிடும் ஏழைக் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு ஜமாஅத்துகள் உதவலாம். ஆணின் குறையை நீக்கும் மருத்துவம் 1992 முதலே உலகில் உள்ளது. பெண்ணை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வழக்கத்தை மிம்பர் மேடைகளிலிருந்தே கண்டிக்கலாம்.

ஆதரவற்ற குழந்தையை வளர்க்கும் வாயிலும் திறந்தே இருக்கிறது. பெற்ற தந்தையின் பெயரை மாற்றாமல் வளர்க்குமாறு திருமறையின் 33ஆம் அத்தியாயம் கூறுவதை, வளர்ப்பதற்கே தடை என்று சிலர் பிழையாகக் கொள்கின்றனர். இளம் சிறார் நீதிச் சட்டத்தின் வழியே, விரும்பும் முஸ்லிம்களும் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவாக்கியது. மார்க்கத்தில் நிலைத்து நிற்க விரும்புவோருக்குப் பாலுறவு என்னும் பாலமும் உண்டு. பிள்ளை பெறாத பெண்ணுக்கும் மருந்தால் பால் சுரக்கச் செய்து, எடுத்து வளர்க்கும் குழந்தைக்கு ஊட்டி, அதனை மணத்தடைக்குரிய பால்குடிப் பிள்ளையாக்கிக்கொள்ளும் முறையை மலேசிய முஸ்லிம் தாய்மார் மேற்கொண்டு வருகின்றனர். பதினான்கு நூற்றாண்டுப் பழமையான நெறியும் இன்றைய மருத்துவமும் கைகோக்கும் அழகு அது.

வேறு சமயத்தார் சட்டப்படி மேற்கொள்ளும் முறையைக் குறித்தும் நாட்டின் குடிமக்கள் என்ற வகையில் நாம் ஒன்று கேட்கலாம். சுமந்தவள் இழந்த நாட்களின் ஊதியத்தை ஈடுசெய்வது வாணிகமாகாது. வளர்ந்தபின் தன்னைச் சுமந்தவள் யார் என்று குழந்தை கேட்டால், அப்பெயரைச் சொல்ல ஏடொன்று இருத்தல் வேண்டும். பெற்றோர் உரிமையில் கை வைக்காமலே இவ்விரண்டையும் செய்ய இயலும்.

ஐயம்பேட்டையில் அன்று மாலை நாம் விடைபெற்றபோது, அம்முதியவர் மீண்டும் தறியில் அமர்ந்துவிட்டார். அவர் நெய்துகொண்டிருந்த சேலை எந்த வீட்டுக்குப் போகுமென்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பட்டு அதைப் பொறுத்துக்கொள்ளும். குழந்தை கேட்கும். பாலைவனத்தில் தண்ணீர் தேடி ஓடிய ஓர் அன்னையின் அடிகளை உலகம் உள்ளளவும் அழியாமல் காத்த இறைவன், நம் காலத்து ஹாஜராக்களின் பெயர்களையும் நாம் மறவாதிருக்க அருள்வானாக!